எல்லாரும் சோசலிஸ்டுகள்

இடதுசாரி, வலதுசாரி என்று வீணாகக் குழம்பாதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவு அந்தச் சண்டையை 1989-இலேயே தீர்த்துவிட்டது. தேர்தல் ஆணையத்தில் கட்சியைப் பதிய வேண்டுமா? சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் மூன்றுக்கும் விசுவாசமாக இருப்போம் என்று கட்சி விதியில் எழுதித் தர வேண்டும். என்ன நேர்த்தி! பொதுத்துறை ஆலையை விற்பவரும் சோசலிஸ்ட். எதிர்த்து வெளிநடப்பு செய்பவரும் சோசலிஸ்ட். 1991-இல் சந்தையைத் திறந்துவிட்டபோதுகூட இந்த விதியில் யாரும் கைவைக்கவில்லை. கொள்கைப்பிடிப்பு என்றால் இதுவல்லவா!

கட்சி தாவுகிறவருக்கும் நிம்மதி. துண்டை மாற்றினால் போதும். கொள்கை அவருக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

சோசலிசம் பிடிக்காதவரையும் சட்டம் கைவிடவில்லை. சுயேச்சையாக நிற்கலாம். ஆனால் வென்றபின் எந்தக் கட்சியிலாவது சேர்ந்தால் பதவி பறிபோகும். நியாயம்தானே? இத்தனை சோசலிஸ்டுகளுக்கு நடுவே அவரை விட்டால், கெட்டுப்போய்விட மாட்டார்களா?