வசூலிக்கச் சிரமம்

1957 முதல் இருந்த செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி எடுத்துவிட்டார். காரணம் நியாயமானதுதான்: வசூலிக்கச் செலவு அதிகம், வருவது கொஞ்சம். 2013-14இல் நாடு முழுக்கத் திரட்டியும் 1,008 கோடி ரூபாய்தான். பணக்காரரின் சொத்து எங்கே இருக்கிறதென்று தேடுவது, பாவம், அவ்வளவு கஷ்டம். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் வாங்கும் பாட்டியிடம் அந்தச் சிக்கலே இல்லை. ஜிஎஸ்டி விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பாட்டிக்கு ஆடிட்டரும் கிடையாது.

பதிலுக்கு, கோடிக்கு மேல் சம்பாதிப்பவர்களின் வரிமீது 2 சதவீதம் கூடுதல் சர்சார்ஜ் போட்டார்கள். (சம்பாதிப்பவர்களுக்கு, சும்மா வைத்திருப்பவர்களுக்கு அல்ல.) பிறகு அந்த சர்சார்ஜ் ஏறி ஏறி, 5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 37 சதவீதத்தில் போய் நின்றது. 2023இல் மனம் இரங்கி, புதிய வரித் திட்டத்தில் 25 ஆக்கினார்கள். ஐந்து கோடியில் குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தானே அந்தக் கஷ்டம் தெரியும்!