சிவப்பெல்லாம் ஒண்டில்லை, மருமோனே!

மருமோனே, நீ பழைய கொரோலா வேண்டினது கெட்டித்தனம். 2020 மார்ச்சிலை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிப்பாட்டினது; தனியார் கார் இறக்கத் திரும்ப வழி விட்டது 2025 பெப்ரவரியிலைதான். அந்த இடைக்காலத்திலை கிழட்டுக் காருகளுக்கு ஏறின மதிப்பிலை கால்வாசி எங்களைப் போலக் கிழடுகளுக்கு ஏறியிருந்தால், மாமா இப்ப நயினாதீவுத் திண்ணையிலை குந்தியிருக்க மாட்டன்.

ஆனால் அதைவிடக் கெட்டித்தனம் நீ கியர்பொக்ஸுக்கு ஒயில் வேண்டின விதம். கடைக்குப் போனனி, "ஓட்டோ கியருக்கு ஒயில் தாங்கோ" எண்டனி. அவன் சிவத்தப் போத்தலைக் காட்ட, சிவப்புத்தானே எண்டு தூக்கிக்கொண்டு வந்திட்டாய். உனக்குப் பொம்பிளை பாக்கேக்கை கொம்மா பத்துப் பொருத்தம், செவ்வாய்க் குற்றம் எல்லாம் துருவித் துருவிக் கேட்டவ. கூறைச் சிவப்பை மட்டும் பாத்து ஓம் எண்டு சொல்லயில்லையே!

அந்தச் சிவப்பு வெறும் சாயமடா. எஞ்சின் ஒயிலோடை மாறிப் போகாமலும், காருக்குக் கீழை ஒழுகினால் எது ஒழுகுதெண்டு தெரியவும் போட்டது. ஓட்டோ கியருக்குள்ளை ஒயிலுக்கு வேலை கனக்க. எஞ்சின்ரை பலத்தைச் சில்லுப் பக்கம் கடத்திறது அது. அமுக்கம் குடுத்துக் கியர் மாத்திறது அது. கிளச்சுத் தட்டுகள் எவ்வளவு வழுக்கி, எப்ப பிடிக்கவேணும் எண்டு தீர்மானிக்கிறதும் அதுதான். பிடி கூடினால் கார் இடிச்சு இடிச்சுக் கியர் மாறும். குறைஞ்சால் தட்டு வழுக்கி எரியும்.

இந்தப் பிடியை மெதுவாக்கி அளவாக்கத்தான் அமெரிக்காக்காரர் திமிங்கில எண்ணெயையும் கலந்து பாத்தவை. 1949இலை ஜெனரல் மோட்டர்ஸ் "டைப் ஏ" எண்டு தொடங்கி, 1967இலை டெக்ஸ்ரோன் எண்டு பேர் மாத்திச்சுது. ஃபோர்ட்காரர் அந்த மெதுவான பிடியே வேண்டாமெண்டு "டைப் எஃப்" எண்டு தனி வழி போனவை. எழுபதுகளின்ரை தொடக்கத்திலை திமிங்கிலத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வர, வேறை சேர்மானம் தேடி டெக்ஸ்ரோன் 2 வந்தது. திமிங்கிலம் தப்பியிட்டுது. உன்ரை கியர்பொக்ஸ் தப்புமோ எண்டதுதான் என்ரை கவலை.

"மாமா, விலை கூடின புது ஒயில்தானே, பழசுக்கு இன்னும் நல்லதெல்லோ?" எண்டு கேட்டனி. நல்ல கேள்வி, கடைக்காரனும் உதைத்தான் விரும்புவான். கேள். 110 கொரோலா எண்டால் ரொயோட்டா கேட்டது டெக்ஸ்ரோன். அதுக்குப் பிறகு வந்த 121 எண்டால் பெரும்பாலும் டைப் ரி-4. அதுக்கும் பிந்தினதுகளுக்கு டபிள்யூ.எஸ். நூறு பாகைச் சூட்டிலை ரி-4இன்ரை பாகுத்தன்மை ஏழு அளவிலை நிக்கும், டபிள்யூ.எஸ். ஐஞ்சரை அளவு. தண்ணிப் பதமான புதுசைப் பழைய பெட்டிக்குள்ளை விடாதை. ஒண்டுக்கு மற்றது மாற்றில்லை எண்டு ரொயோட்டாவே சொல்லுது. ஹொண்டா வேறை மாதிரி: பழைய இசட்-1 கேட்ட காருக்குப் புது டி.டபிள்யூ-1 விடலாமெண்டு அவையளே சொல்லியிருக்கினம். செய்தவன் ஓம் எண்டால் ஓம். அவன் சொல்லாததைக் கடைக்காரன் சொன்னால், அவன்ரை அலுமாரியிலை எது தேங்கிக் கிடக்கெண்டு பார்.

டெக்ஸ்ரோன் 3 வேண்டேக்கையும் கண்ணைத் திறந்து வேண்டு. 2006ஓடை ஜெனரல் மோட்டர்ஸ் அதுக்கு அனுமதி குடுக்கிறதை விட்டிட்டுது. இப்ப போத்தலிலை அந்தப் பேர் கிடந்தால், அது ஒயில் காய்ச்சினவன் தன்ரை வாயாலை சொல்லுற சொல்லு. சொல்லுக்குப் பின்னாலை நிக்கக்கூடிய கொம்பனியாப் பார். "எல்லாக் காருக்கும் ஏற்றது" எண்டு எழுதினதைக் கண்டால், பின்பக்கத்துப் பொடி எழுத்திலை உன்ரை ஒயிலின்ரை பேர் கிடக்கோ எண்டு தேடு. சிவிரி கியருக்கு ஒயிலே வேறை. அதை இதுக்கும், இதை அதுக்கும் விடப்படாது. ஆனால் அக்வாவைச் சிவிரி எண்டு சொல்லி வித்தாலும், அதுக்கு ரொயோட்டா கேக்கிறது டபிள்யூ.எஸ். பாத்தியோ, வாயாலை சொல்லுற பேரும் உதவாது!

தீவாருக்கு ஒரு வீறாப்பு உண்டு, தெரியும். தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடைக்குள்ளை ஒஸ்ரின் ஏ40உம் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயிலை ஓடின சனம் நாங்கள். காபரேற்றருக்குள்ளை ரெண்டு துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு, புகையைக் கிளப்பிக்கொண்டு போனாக்கள். அந்தக் காருகளுக்குக் கியரைக் கையாலை மாத்தினம், மருமோனே. உன்ரை காருக்குக் கியர் மாத்திறது ஒயில். அதிலை வீறாப்புக் காட்டாதை.

இனி வேலையைக் கேள். பொனெற்றைத் திறந்து கியர் ஒயில் குச்சியை இழு. துணியாலை துடைச்சிட்டு கண்ணாடியைப் போட்டுப் பார். கனக்க ரொயோட்டாக்களிலை அந்தத் தகட்டிலேயே ஒயிலின்ரை பேர் வெட்டிக் கிடக்கும். அது அழிஞ்சிருந்தால் காரோடை வந்த புத்தகம். அதுவும் இல்லையெண்டால் சேஸி இலக்கத்தோடை ஏஜென்ரைக் கேள். ஒயிலை மணந்தும் பார். தெளிஞ்ச சிவப்பெண்டால் நல்லது. கறுத்து எரிஞ்ச மணம் வந்தால் தட்டுத் தேஞ்சுபோச்சு. எந்த ஒயிலும் அதைச் சுகப்படுத்தாது. பால் கலந்த ரோசாவெண்டால் றேடியேற்றர்த் தண்ணி உள்ளுக்கை வந்திட்டுது; ஓடாமல் கராச்சுக்காரனைக் கூப்பிடு.

அடிப்பூட்டைக் கழட்டினால் அரைவாசிக்கும் குறையத்தான் வடியும்; மிச்சம் உள்ளுக்கை நிக்கும். வடிஞ்சதை அளந்து அவ்வளவே விடு. பிழையான ஒயில் ஏற்கெனவே விட்டிருந்தால் இடையிலை ஓடி ஓடி, ரெண்டு மூண்டு தரம் மாத்தவேணும். அளவு பாக்கிறது கார் ஓடிச் சூடான பிறகு, சம தரையிலை. ரொயோட்டாவெண்டால் எஞ்சின் ஓடேக்கை, கியர்த் தடியை எல்லா இடமும் தொட்டுப் பழையபடி பார்க்கிலை விட்டிட்டு. ஹொண்டாவெண்டால் எஞ்சினை நிப்பாட்டின கையோடை.

வாணர் தாம்போதியிலை கார் நிண்டால், ரக்டரிலை கயிறு கட்டி இழுப்பிக்காதை. எஞ்சின் ஓடாட்டில் ஒயில் பம்பும் ஓடாது. முன்சில்லு தரையிலை உருள உருளக் கியர்பொக்ஸ் காஞ்சு தேயும். முன்சில்லைத் தூக்கி இழுக்கவேணும்.

முதல் குச்சி, பிறகு கடை. குச்சியிலை கிடக்கிற பேரும் போத்தலிலை கிடக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால், இல்லாட்டில் கார் செய்தவனே மாற்றெண்டு சொல்லியிருந்தால் மட்டும் மூடியைத் திற. இவ்வளவும் கரைச்சலெண்டால் காரை வித்துப்போடு. யாழ்ப்பாணத்திலையிருந்து குறிகட்டுவானுக்கு 776 பஸ் ஓடுது; அதுக்குக் கியரை றைவர் மாத்துவார்.