கணக்குக் காட்டாதவன்

கணக்கு எழுதச் சோம்பல்படுகிறவன் உத்திரமேரூரில் பிறக்கக் கூடாது. நான் பிறந்துவிட்டேன். ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919லும் 921லும் வெட்டியவை. பள்ளிக்கூடத்தில் குடவோலை முறை படித்தவர்களுக்குக் குடமும் ஓலையும்தான் ஞாபகம் இருக்கும். யார் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்று ஒரு பட்டியல் வருகிறதே, சுவாரசியம் அதில்தான். முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் கூடாது. அவனோடு ஒழிந்தது என்று விட்டார்களா? அவன் அப்பா, பிள்ளை, அண்ணன் தம்பி, மாமனார், மனைவியின் உடன்பிறந்தான் வரைக்கும் யார் பெயரும் கூடாது.

கடைசியில் சொன்ன அந்த உறவுதான் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. மச்சான் காஞ்சிபுரத்தில் ஆடிட்டர் ஒருவரிடம் வேலை பார்க்கிறான். நான் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன்.

"மாமா, போன வருஷம் உங்களுக்கு எவ்வளவு வருமானம்?"

"வந்துச்சு, போச்சு."

"ரிட்டர்ன்ல அப்படி எழுதக் கட்டம் இல்ல மாமா."

எனக்கென்று ஒரு முறை இல்லாமல் இல்லை. அப்பாவின் மளிகைக்கடை மூடியபோது பங்காளிகள் தராசையும் கல்லாப்பெட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். என் பங்குக்கு வந்தது பில் குத்தும் கம்பி. பில்லோ, கரண்ட் ரசீதோ, கல்யாணப் பத்திரிகையோ, வந்ததையெல்லாம் அதில் குத்திவைப்பேன். ஒரே ஒரு குறை, ஏப்ரல் மாதத்துக் காகிதம் வேண்டுமென்றால் மார்ச்சிலிருந்து உருவிக்கொண்டே வர வேண்டும்.

மச்சான் முதலில் டாலியைக் காட்டினான். 1986இல் பெங்களூரில் ஒரு மகன் தன் அப்பாவின் வியாபாரத்துக்காக எழுதிக் கொடுத்ததிலிருந்து தொடங்கிய கதை அது. கேட்கும்போதே எனக்குக் குற்ற உணர்ச்சி. என் அப்பாவுக்கு நான் பொட்டலம்கூட ஒழுங்காகக் கட்டிக் கொடுத்ததில்லை. தவிர எங்கள் பக்கத்தில் டாலி ஒரு மென்பொருளே அல்ல, படிப்பு. 'டாலி தெரிந்தவர்கள் தேவை' என்று கடைக்குக் கடை அட்டை தொங்கும். பில் எழுதத் திரும்பப் படிக்கப் போக எனக்குத் தெம்பில்லை.

அடுத்தது கைபேசிச் செயலி. எடுத்த எடுப்பில் என்ன விற்கிறீர்கள் என்றது. மொழிபெயர்ப்பு என்று போட்டேன். அளவு? கிலோ, லிட்டர், டஜன், மூட்டை என்று வரிசையாக வந்தது. வார்த்தையைக் காணோம். நான்காயிரம் வார்த்தையை எத்தனை மூட்டை என்று போடுவது? கையிருப்பு எவ்வளவு என்ற அடுத்த கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

மூன்றாவதாக ஸோஹோ இன்வாய்ஸ். காசு கிடையாது என்றதும் நான் ஒத்துக்கொண்டேன். அம்மா ஒத்துக்கொண்டது வேறு காரணத்துக்காக. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் கிராமத்தில் குடியிருக்கிறார் என்று மச்சான் சொல்லிவைத்திருந்தான். "பாரு, நம்மள மாதிரிதான்" என்றாள்.

பில் எண் பதினாறு எழுத்துக்குள் அடங்க வேண்டுமாமே என்று நான் கவலைப்பட்டேன். அது ஜிஎஸ்டி பதிவு செய்தவர்களுக்கு என்றான் மச்சான். எங்களைப் போன்ற சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். "அதைப் பத்தி நீங்க இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம்" என்று அவன் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் பில்லின் தலையில் பிள்ளையார் சுழி போட்டேன். அப்பா அது இல்லாமல் ஒரு சீட்டு எழுதியதில்லை. மறுநாள் சென்னைப் பதிப்பகத்தின் கணக்குப் பிரிவிலிருந்து போன். "சார், மேல ரெண்டுன்னு போட்டிருக்கே, முதல் பில் எங்க?"

அந்த ஒன்றாம் நம்பர் பில்லின் தொகை 18,500 ரூபாய். மார்ச் மாதக் கடைசியில் பார்த்தால் அது பாக்கி என்று சிவப்பாக நிற்கிறது. நினைவூட்டு மடல் போனது. இன்னொன்று போனது. மூன்றாவதில் நானே கைப்பட நாலு வரி சேர்த்தேன். எழுத்தாளன் வயிறு, உழைப்பு என்றெல்லாம் வந்துவிட்டது. நவம்பரிலேயே அனுப்பிவிட்டோம் என்று இரண்டே வரியில் பதில். பாஸ்புக்கைப் புரட்டினேன். 18,500 எங்குமே இல்லை. ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று மச்சானுக்கே போன் போட்டேன்.

வங்கியில் கொடுத்திருந்த எண், வீட்டில் அம்மாவிடம் இருக்கும் பட்டன் போனுடையது. அம்மாவுக்குப் பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி, கறவை மாட்டுக்கு ஊசி போட்ட நாள் எல்லாமே நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டரில்தான். வருஷம் முடிந்ததும் அந்தத் தாள்கள் சமையலறை அலமாரியில் விரிப்பாகும். நான் கத்துவதைக் கேட்டவள், புளி ஜாடியையும் துவரம்பருப்பு டப்பாவையும் தள்ளிவைத்துவிட்டு நவம்பரை உருவிக்கொண்டு வந்தாள். 14ஆம் தேதிக் கட்டத்தில், பால் ஒன்றரை லிட்டருக்குக் கீழே எழுதியிருந்தது: 'தம்பி பணம் 16650'.

பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பியிருக்கிறார்கள். பிடித்த 1,850 என் பான் எண்ணில், 26ஏஎஸ் படிவத்தில், பத்திரமாக ஏறியிருந்தது. மென்பொருளிலும் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப வேண்டியவன் நான்தான்.

பதிப்பகத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மச்சானிடம் கல்வெட்டைச் சொல்லி, உனக்கும் மாமனாருக்கும் என்னால் வாரியப் பதவி போயிற்று என்றேன். அவன் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் மாதக் கடைசியில் மடிக்கணினியைச் சமையலறைக்கு எடுத்துப் போகிறேன். அம்மா காலண்டரைப் பார்த்துப் படிக்கிறாள், நான் தட்டுகிறேன்.