குப்பியும் மூடியும்: கேள்வி–பதில்

கேள்வி (மன்னார்குடி வாசகி): வாசனை தீர்ந்துபோன பிரெஞ்சு சென்ட் பாட்டிலைக் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் அடுக்குகிறவர்களும் இருக்கிறார்களாமே! சாப்பிட்ட இலையைப் பத்திரப்படுத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: இலையைப் பத்திரப்படுத்த வேண்டியதில்லை, அம்மா, வாழை மரம் நாளைக்கும் ஓர் இலை தரும். ஆனால் 1910-ஆம் ஆண்டில் ரெனே லாலிக் என்னும் பிரெஞ்சுக் கலைஞர் 'ஆம்ப்ர் ஆந்தீக்' என்ற வாசனைக்காக வடித்துக் கொடுத்த குப்பியை இனி எந்தத் தோட்டமும் முளைப்பிக்காது. பண்டைக் கிரேக்கப் பாங்கில் ஆடை உடுத்த மங்கையர் அந்தக் குப்பியைச் சுற்றி நிற்கிறார்கள். ஆடை மடிப்புகளின் பள்ளங்களில் மட்டும் பழுப்புச் சாயத்தைத் தங்கவிட்டு மேடுகளைத் துடைத்துவிட்டிருப்பதால், மாலை வெயில் பட்ட கோயிற் சிற்பம் போல அந்த உருவங்கள் கண்ணாடியை விட்டு எழுந்து வருவதாகத் தோன்றும். உள்ளே இருந்த பரிமளம் காற்றோடு போயிற்று. போவதுதான் பரிமளத்தின் தர்மம். பாத்திரம் நின்றுவிட்டது. பாயசம் தீர்ந்துவிட்டது என்பதற்காக வெண்கல உருளியை யாரும் வெளியே எறிவதில்லையே!

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): சரக்கில் நம்பிக்கை இல்லாத வியாபாரிதானே சட்டியை அலங்கரிப்பான்?

பதில்: பிரான்ஸில் நடந்தது இதற்கு நேர் விரோதம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கேயும் வாசனைத் திரவியங்கள் பெரும்பாலும் மருந்துக்கடைக் குப்பியை ஒத்த சாதாரணக் குப்பிகளில்தான் விலையாயின. வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் சொந்த ஸ்படிகக் குப்பியில் ஊற்றிக்கொள்வார்கள். 1853-இல் மூன்றாம் நெப்போலியனின் பட்டமகிஷி யூஜேனிக்காகக் கெர்லான் நிறுவனத்தார் தேனீக்கள் புடைத்து நிற்கும் குப்பியொன்றைச் செய்வித்தது போன்ற விலக்குகள் அரண்மனைக்கு உரியவை. இந்த நிலைமையை மாற்றியவர், கார்ஸிகாத் தீவில் 1874-இல் பிறந்து பாரிஸுக்கு வந்து வாசனை வியாபாரத்தில் இறங்கிய பிரான்ஸ்வா கொத்தி. தம் சரக்கின் உயர்வில் அவருக்கு அணுவளவும் சந்தேகம் இருக்கவில்லை. அதனால்தான், நாசி அறிவதற்கு முன்பே கண் அதை அறியவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

பாரிஸில் வாந்தோம் சதுக்கத்தில் 1905-இல் கடை திறந்திருந்த லாலிக், அப்பொழுது உலகப் புகழ் பெற்ற நகைக் கலைஞர். வைரத்தின் எடையைக் கொண்டு ஆபரணத்தை மதிப்பிட்ட காலத்தில், கொம்பையும் எனாமலையும் கண்ணாடியையும் வைத்துத் தும்பிகளும் மலர்களுமாக நகை செய்து, 1900-ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஜனங்களை வியக்கவைத்தவர் அவர். கொத்தி அவரிடம் முதலில் குப்பியில் ஒட்டும் சீட்டைத்தான் வரையச் சொன்னார், சீட்டு குப்பியாயிற்று, குப்பி ஒரு வாழ்க்கையாயிற்று. ஐம்பதாவது வயதை எட்டும் தறுவாயில், நகைத்தொழிலில் அடைய வேண்டியதையெல்லாம் அடைந்துவிட்ட அந்த மனிதர், 1909-இல் கோம்ப்-லா-வில் என்ற ஊரில் ஒரு கண்ணாடி உலையைக் குத்தகைக்கு எடுத்து, 1913-இல் அதை விலைக்கே வாங்கி, முதல் உலக யுத்தம் ஓய்ந்த பிறகு அல்ஸாஸ் பிரதேசத்தில் விங்கன் என்னும் கிராமத்தில் இன்னும் பெரிய ஆலையை நிறுவினார் என்பதை நினைக்கும்போது, நாற்பது வயதிலேயே நம்மால் இனி எதுவும் புதிதாகக் கற்க இயலாது என்று சோர்ந்து உட்காருகிறவர்களிடம் இந்தச் சரித்திரத்தைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): ஓர் அச்சைச் செய்து அதில் ஆயிரம் குப்பி ஊதி எடுத்தால் அது தொழிற்சாலைச் சாமான். அதில் கலை எங்கே வந்தது?

பதில்: கழுத்தில் வந்தது, அன்பரே. சற்று விஸ்தாரமாகச் சொல்ல அனுமதிக்கவேண்டும்.

குப்பியின் உடலை உலோக அச்சுக்குள் ஊதி வடிக்கிறார்கள். மூடியைத் தனியே அழுத்தி வார்க்கிறார்கள். இதுவரையில் தாங்கள் சொல்வது சரி. ஆனால் வாசனைத் திரவியம் என்பது சாராயத்தில் கரைந்த பரிமளம். மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் ஆவியாகிவிடும். ஆகவே அச்சிலிருந்து வந்த மூடியின் தண்டையும் குப்பியின் கழுத்தையும் எமரிப் பொடியிட்டுத் தேய்த்து, இந்த மூடி இந்தக் கழுத்திலே மட்டும் இறுகி உட்காரும்படி சாணை பிடிக்கவேண்டும். அப்படிப் பொருத்திய பிறகு, ஆயிரம் குப்பிகளுக்கு நடுவே ஜோடி மாறிவிடாதிருக்க, மூடித் தண்டின் அடியில் ஓர் எண்ணையும் குப்பியின் அடிப்பாகத்தில் அதே எண்ணையும் கீறிவைப்பார்கள். லாலிக் குப்பிகளிலும் பக்காரா என்னும் பிரெஞ்சு ஆலையின் குப்பிகளிலும் இந்த எண்களைக் காணலாம். பார்வைக்கு ஆயிரமும் ஒன்றுபோல் இருந்தாலும், ஒவ்வொரு கழுத்தும் ஒரே ஒரு மூடியைத்தான் ஏற்கும்.

அதன்பின் அமிலம். கண்ணாடியின் சில பகுதிகளை அமிலத்தால் அரித்து மங்கலாக்கி, மற்றவற்றைத் தெளிவாகவே விட்டு, பனி படர்ந்த ஜன்னலில் ஒரு விரல் கோலம் வரைந்தது போன்ற தோற்றத்தை உண்டாக்குவார்கள். எங்கே ஒளி புகவேண்டும், எங்கே தங்கவேண்டும் என்று தீர்மானிப்பது அச்சு அல்ல, மனிதனுடைய கண்.

இதை நான் புத்தகத்தில் படித்து மாத்திரம் தெரிந்துகொள்ளவில்லை. பல வருஷங்களுக்கு முன்பு, வெளியூர்ச் சந்தை ஒன்றில், பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் அழகிய பிரெஞ்சுக் குப்பியொன்றை வாங்கி வந்தேன். மூடி கழுத்தில் உட்கார்ந்தது. ஆனால் தொட்டால் லேசாக ஆடியது. வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, அடியில் ஓர் எண்ணும் மூடியில் வேறோர் எண்ணும் இருக்கக் கண்டேன். ஒரே அச்சில் பிறந்த இரண்டு குப்பிகள் எங்கோ உடைந்து, ஒன்றின் உடலும் மற்றொன்றின் சிரசும் ஒன்றுசேர்க்கப்பட்டிருந்தன. இன்றும் அந்தக் குப்பி என்னிடம் இருக்கிறது. அதன் உண்மையான மூடி எந்த நாட்டில், எவருடைய மேஜை இழுப்பறையில் கிடக்கிறதோ என்ற ஏக்கம் அதைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது.

கேள்வி (சேலம் வாசகி): படங்களில் சில குப்பிகளின் கழுத்தில் நூல் கட்டியிருக்கிறதே, அது தாலியா?

பதில்: காவல், அம்மா. மாட்டின் குடலிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வை நனைத்து மூடியின் கழுத்தின்மேல் போர்த்தி, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுவார்கள். உலர்ந்ததும் அது தோலைப்போல ஒட்டிக்கொண்டு காற்றை உள்ளே விடாது. பிரெஞ்சில் இதற்கு 'போத்ரூஷ்' என்று பெயர். கைதேர்ந்த பெண்கள் கையாலேயே செய்யும் வேலை இது. நூல் அறுபடாத பழைய குப்பி கிடைத்தால் தயவுசெய்து அவிழ்க்காதீர்கள். அவிழ்த்தவரின் ஆவல் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோகும். அந்த முடிச்சைத் திரும்பப் போட வல்லவர் நம் பக்கத்தில் இல்லை.

கேள்வி (காரைக்குடி வாசகர்): 'ஷாலிமார்' என்று ஒரு பிரெஞ்சு சென்ட் இருக்கிறது. மொகலாயர் தோட்டத்தின் பெயரை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

பதில்: காதலின் பெயரால் எடுத்துக்கொண்டார்கள். ஷாஜஹான்–மும்தாஜ் கதையில் மனம் பறிகொடுத்த ஜாக் கெர்லான் அந்தப் பரிமளத்தைக் கூட்டினார். அவர் குடும்பத்தைச் சேர்ந்த ரேமோன் கெர்லான் குப்பியை வரைந்தார். லொரேன் பிரதேசத்தில் 1764 முதல் உலை மூட்டிவரும் பக்காரா ஆலை அதை ஸ்படிகத்தில் வடித்தது. 1925-ஆம் ஆண்டில் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில் அது ஜனங்களின் பார்வைக்கு வந்தது. நீரூற்றுத் தொட்டி போல விரிந்து, அடியில் பீடமாகக் குறுகி, உச்சியில் நீலநிற விசிறி மூடியைத் தாங்கி நிற்கும் அந்தக் குப்பிக்குச் சேகரிப்போர் வைத்த செல்லப் பெயர் 'வௌவால்'. பிரான்ஸின் வாசனைச் சாலைகளுக்கு இன்று நம் மதுரை, கோவைப் பக்கத்து மல்லிகையின் சத்தும் கப்பலேறிப் போகிறது. ஆகையால் தோட்டத்தின் பெயரோடு நின்றுவிடவில்லை, தோட்டத்துப் பூவும் அங்கே சென்று சேர்ந்திருக்கிறது.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): குப்பிகளை வாசிக்க முடியுமா?

பதில்: வொர்த் நிறுவனத்தின் குப்பிகளை வாசிக்கலாம்! 1924-இல் லாலிக் அவர்களுக்காக ஒரு நீல உருண்டையைச் செய்தார். அதன்மேல் எங்கும் நட்சத்திரங்கள். 'தான் லா நுயி', அதாவது 'இரவினிலே' என்று அதற்குப் பெயர். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக 'விடியலை நோக்கி', 'விடைபெறாமலே', 'திரும்பி வருகிறேன்', 'உன்னை நோக்கி' என்று நான்கு வாசனைகள் வந்தன. ஐந்து பெயர்களையும் வரிசையாக வைத்துப் படியுங்கள். காதலன் எழுதிய கடிதம் ஒன்று, ஐந்து தவணையில் வந்து சேர்ந்திருக்கிறது.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): ஒரே ஒரு குப்பியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை எடுப்பீர்கள்?

பதில்: நினா ரிச்சி நிறுவனத்தார் 1948-இல் வெளியிட்ட 'லேர் து தான்' வாசனைக்கு, ரெனேயின் குமாரர் மார்க் லாலிக் 1951-இல் செய்து கொடுத்த இரட்டைப் புறாக் குப்பியை. யுத்தத்தில் நொந்த ஒரு தேசம் சமாதானத்தை இவ்வளவு சிறிய கண்ணாடித் துண்டில் எழுதிவைத்தது என்பதே என் காரணம்.

கேள்வி (சென்னை வாசகர்): அடியில் லாலிக்கின் கையொப்பம் இருந்தால் நம்பி வாங்கலாமா?

பதில்: கையொப்பத்தைக் கடைசியில் பாருங்கள். ரெனே 1945-இல் காலமானார். அவர் காலத்துப் பண்டங்களில் 'ரெ. லாலிக்' என்று முதலெழுத்தோடும், அதற்குப் பிந்தியவற்றில் முதலெழுத்து இல்லாமலும் பெயர் இருக்கும். ஆனால் ஓர் எழுத்தைக் கீறுவது மோசக்காரனுக்கு அரை நிமிஷ வேலை. பக்காராவோ 1936 முதற்கொண்டுதான் எல்லாப் பண்டங்களிலும் நிலையான முத்திரையைப் பதித்தது. அதற்கு முந்திய பலவற்றில் ஒட்டியிருந்த காகிதச் சீட்டு எப்போதோ உதிர்ந்துபோயிற்று. எனவே முத்திரை இருப்பதாலேயே அசல் என்றும், இல்லாததாலேயே போலி என்றும் தீர்மானிக்கவேண்டாம். முதலில் மூடியை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். பிறகு எண்களை ஒப்பிடுங்கள். விளிம்பை விரலால் தடவி, உடைந்த இடத்தைச் சாணை பிடித்துக் குறைத்திருக்கிறார்களா என்று சோதியுங்கள். செக்கோஸ்லோவாகியாவின் பட்டை தீட்டிய குப்பிகளைப் பிரெஞ்சு என்று சொல்லி விற்பதும் உண்டு. அவையும் அழகானவையே, அவற்றின் சொந்தப் பெயரில் வாங்குங்கள்.

கேள்வி (மதுரை வாசகி): பழைய குப்பி ஒன்றின் மூடி திறக்கவே மாட்டேன் என்கிறது. சுடுநீரில் போடட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிந்து கீறல் விட்டுவிடும். மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் இரண்டு சொட்டுக் கிளிசரினோ நல்லெண்ணெயோ விட்டு, ஒரு நாள், வேண்டுமானால் இரண்டு நாள், பொறுத்திருங்கள். பிறகு கழுத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பலத்தைக் காட்டாமல் லேசாகத் திருப்பிப் பாருங்கள். வராவிட்டால் இன்னொரு சொட்டு, இன்னொரு நாள். குப்பியை எக்காலத்திலும் மூடியைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

கேள்வி (ஈரோடு வாசகர்): இதில் பணம் போட்டால் லாபம் வருமா?

பதில்: லாபத்துக்கு வேறு கடைகள் இருக்கின்றன.

கேள்வி (விருதுநகர் வாசகர்): லாலிக்கும் பக்காராவும் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டுமா? நான் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: வீட்டிலிருந்து. பூர்ஷ்வா என்ற பிரெஞ்சு நிறுவனம் 1928-இல் வெளியிட்ட 'ஈவினிங் இன் பாரிஸ்' என்னும் வாசனை, சாமானிய ஜனங்களும் வாங்கக்கூடிய விலையில் கருநீலக் குப்பியில் அடைபட்டு உலகமெல்லாம் சுற்றியது. நம் தேசத்துக்கும் வந்தது. தங்கள் பாட்டியாரின் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கும் பழைய கடிதங்களுக்கும் அடியில், விரல் நீள நீலக் குப்பியொன்று இருக்கக்கூடும். இருந்தால் ஈரத்துணியால் துடைத்து அதன் சீட்டை அழித்துவிடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், மூடி அதே பெட்டியின் மூலையில் எங்கேனும் தனியே உருண்டு கிடந்தால், சிரமம் பாராமல் தேடியெடுத்து, இரண்டையும் சேர்த்தே வையுங்கள்.