கழுத்தை நீட்டும் முன்னும் பின்னும்: மணப்பெண்ணுக்கு ஒரு கையேடு

கல்யாணப் பேச்சு தொடங்கியதும் உங்களுக்குப் புத்தி சொல்ல ஊரே திரண்டு வரும். எந்தக் கடையில் பட்டு எடுப்பது, எந்த மாஸ்டர் கையில் சமையலைக் கொடுப்பது, முகத்துக்கு வெள்ளையடிக்காமல் விடும் பியூட்டிஷியன் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று எல்லாம் சொல்வார்கள். மண்டபத்தைக் காலி செய்யும் நேரத்தோடு புத்திமதி நின்றுவிடும். அதன்பிறகு வருவது குறை மட்டுமே. நடுவே விடுபட்டதை நிரப்பத்தான் இந்தக் கையேடு. தமிழ்நாட்டு வழக்கப்படி தயாரித்தது. சொன்னபடி நடந்தால் யார் மனமும் கோணாது. உங்கள் மனம் இதில் சேர்த்தி இல்லை.

தேவையானவை

பெண், 1. ஜாதகம், 1 (சுத்தமானது). படிப்பு: மாப்பிள்ளை படித்ததற்கு ஒரு படி கீழே. வேலை: கட்டாயம் இருக்க வேண்டும், விடச் சொன்னால் மறுநாளே விடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். உயரம்: செருப்போடு சேர்த்தும் மாப்பிள்ளையின் காதுக்குக் கீழே. நகை: “உங்க பொண்ணுக்கு நீங்க போடறீங்க, நாங்க என்ன கேட்கப்போறோம்” என்று அவர்கள் சொல்லும் அளவு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டதால் இப்போது யாரும் எதையும் கேட்பதில்லை. மூத்த மருமகள் எத்தனை பவுனோடு வந்தாள் என்ற தகவலை மட்டும் காபியை ஆற்றிக்கொண்டே சொல்லிவைப்பார்கள்.

பகுதி ஒன்று: முன்

1. நட்சத்திரம் பார்த்துப் பிறக்கவும்

இது நீங்கள் முன்பே செய்திருக்க வேண்டிய காரியம். மூலத்தில் பிறந்திருந்தால் மாமனாருக்கு ஆகாது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. கேட்டை என்றால் கணவரின் அண்ணனும், விசாகம் என்றால் கணவரின் தம்பியும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நீங்கள் தொட்டிலில் கிடந்தபோதே, முகம் தெரியாத ஒரு குடும்பத்தில் யாரைச் சாய்ப்பது என்று முடிவாகிவிட்டது. அதே மூலத்தில் மாப்பிள்ளை பிறந்திருந்தால் கவலை இல்லை. ஆண் மூலம் அரசாளுமாம்.

பத்துப் பொருத்தத்தில் தினம், கணம், யோனி, ரஜ்ஜு எல்லாம் உண்டு. பாத்திரம் யார் தேய்ப்பது என்ற பொருத்தம் அந்தப் பத்தில் இல்லை.

2. பெண் பார்க்க வரும்போது

பஜ்ஜியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இப்போது பல வீடுகளில் முதல் சந்திப்பு கோயிலிலோ காபிக் கடையிலோ முடிந்துவிடுகிறது. பிரகாரத்தில் தற்செயலாகச் சந்தித்ததுபோல இரு குடும்பங்களும் நடிக்கும். நீங்களும் முகூர்த்தப் பட்டு மாதிரி தெரியாத ஒரு பட்டில் தற்செயலாக வந்திருக்க வேண்டும்.

“ரெண்டு பேரும் தனியா பேசறதுன்னா பேசிக்கோங்க” என்று பத்து நிமிஷம் ஒதுக்குவார்கள். மொத்த வாழ்க்கைக்கும் அதுதான் ஒதுக்கீடு. உங்கள் சம்பளம் யார் கணக்குக்குப் போகும், தனிக்குடித்தனமா, உங்கள் அப்பா அம்மாவுக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது என்றெல்லாம் கேட்கத் தோன்றும். அதற்குள் இறங்கிவிடாதீர்கள். “பொண்ணு கொஞ்சம் வாய் ஜாஸ்தி” என்ற செய்தி உங்கள் ஆட்டோ வீடு சேர்வதற்குள் தரகருக்குப் போய்விடும். பிடித்த நடிகர் யார் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர்கள் கூப்பிட்டுவிடுவார்கள்.

3. ‘உன் இஷ்டம்தாம்மா’ காலம்

நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே சில மாதங்கள் நீங்கள் கேட்டது நடக்கும். கூறைப்புடவைக்கு அரக்கு பார்டரா, பச்சை பார்டரா? உன் இஷ்டம்தாம்மா. மெஹந்தி முழங்கை வரைக்குமா? உன் இஷ்டம். பிளவுஸ் முதுகில் ஆரி வொர்க்கில் மயிலா, யானையா? அதுவும் உன் இஷ்டம்.

இந்தக் காலத்தை நன்றாக அனுபவிக்கவும். உங்கள் இஷ்டத்துக்கு வராதவை என்னென்ன என்று பட்டியல் போட்டுப் பார்க்க வேண்டாம். தேதியைப் பஞ்சாங்கமும் மண்டபத்து மேனேஜரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்பதை இரு தாத்தாக்கள் முடிவு செய்வார்கள். வேலையைத் தொடர்வதா என்பது “அப்புறம் பார்த்துக்கலாம்” என்ற கோப்பில் இருக்கும். புடவையை மிஞ்சும் விலையில் தைத்த பிளவுஸ் மட்டும் முழுக்க முழுக்க உங்கள் முடிவு. அடுத்த வருஷம் அது கையில் ஏறாது.

4. வரவேற்பும் முகூர்த்தமும்

வரவேற்பைப் பெரும்பாலும் முதல்நாள் மாலையே வைத்துவிடுகிறார்கள். கல்யாணம் ஆவதற்கு முன்பே “ஹேப்பி மேரீட் லைஃப்” என்று வாழ்த்துவார்கள், மறுக்காதீர்கள். மேடையில் வேலை எளியது. கவரை வாங்குவது, பக்கத்தில் நிற்கும் தோழியிடம் கொடுப்பது, சிரிப்பது. போட்டோகிராபர் “மேடம், சாரைப் பாருங்க, கொஞ்சம் வெட்கப்படுங்க” என்பார். நான்கு மணி நேரம் நின்ற காலில் வலி ஏறியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டால் போதும், ஆல்பத்தில் அது வெட்கமாகத்தான் விழும். பந்திக்கு உங்களைக் கூப்பிடும்போது பாயசம் தீர்ந்திருக்கும். “உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்” என்று சமையல்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

மறுநாள் விடியற்காலையில் தாலி. பல வீடுகளில் மூன்று முடிச்சில் முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது, மற்ற இரண்டும் நாத்தனாருடையவை. வீட்டு நிர்வாகத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பதை மேளதாளத்தோடு அறிவிக்கும் நிகழ்ச்சி இது. நீங்கள் தலையைக் குனிந்திருப்பதால் கவனிக்காமல் விட வாய்ப்பு உண்டு.

பகுதி இரண்டு: பின்

5. முதல் காலை

வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாயிற்று. விளக்கேற்றியாயிற்று, பாலும் பழமும் ஆயிற்று. மறுநாள் “நல்லா தூங்கும்மா, இது உன் வீடு” என்பார்கள். ஆறு மணிக்குள் எழுந்துவிடவும். உங்கள் வீட்டில் தூங்குவது வேறு, ‘உன் வீடு’ என்று பிறர் சொல்லும் வீட்டில் தூங்குவது வேறு.

முதல் சமையல் இனிப்பாக இருக்க வேண்டும். கேசரி பாதுகாப்பானது, உப்பு கூடியது, குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. சாம்பாருக்குப் போகும்போது நிதானம் தேவை. அதில் வெல்லம் போடுவது உங்கள் வீட்டு வழக்கமென்றால், போடாதது அவர்கள் வீட்டு வழக்கமாக இருக்கும். நீங்களும் போடாத வீடு என்றால் அவர்கள் போடுகிறவர்கள். “எங்க வீட்ல இப்படித்தான்” என்ற வாக்கியத்தைச் சொல்ல உங்களுக்கு அனுமதி எப்போது கிடைக்கும் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு மருமகள் வரும்போது கிடைக்கும்.

காலப்போக்கில் கை பழகிவிடும். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்வோர் ஒரு நாளில் அதற்குச் செலவிட்ட நேரம் பெண்களுக்கு 299 நிமிஷம், ஆண்களுக்கு 97 நிமிஷம். அந்த 97-ஐப் பார்த்து உங்கள் கணவரைத் தேட வேண்டாம். வீட்டு வேலை செய்ததாகச் சொன்ன ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். செய்யாதவர்களை அந்தச் சராசரியில் சேர்க்கவில்லை.

6. விருந்துக் காலம்

மறுவீடு முடிந்ததும் சொந்தக்காரர்கள் வரிசையாக விருந்துக்கு அழைப்பார்கள். எல்லா வீட்டிலும் அதே வடை, அதே கேள்வி. “மெலிஞ்சுட்டியே” என்று உங்கள் பக்கத்து அத்தையும், “பூசின மாதிரி ஆயிட்டே” என்று அவர் பக்கத்துச் சித்தியும் ஒரே வாரத்தில் சொல்வார்கள். முன்னது, அங்கே சாப்பாடு போடுவதில்லை என்று பொருள்படும். பின்னது, இங்கே வேலை செய்வதில்லை என்று. உங்கள் எடை என்னவோ அப்படியே இருக்கும்.

7. பெயரும் கார்டும்

ஆதாரிலும் பேங்க் பாஸ்புக்கிலும் அப்பாவின் இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவரின் இனிஷியலைப் போடச் சொல்வார்கள். போட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால், ‘சட்டத்தில் இல்லை’ என்று சொல்லும் மருமகளுக்கு இந்தக் கையேட்டில் இடம் ஒதுக்கவில்லை.

ரேஷன் கார்டு கொஞ்சம் சிக்கலானது. முதலில் அப்பா வீட்டுக் கார்டிலிருந்து உங்கள் பெயரை நீக்க வேண்டும், பிறகு இங்கே சேர்க்க வேண்டும். நீக்கம் உடனே நடந்துவிடும். சேர்ப்பு மெதுவாக நடக்கும். நடுவே சில வாரங்கள் நீங்கள் எந்த வீட்டு அரிசிக்கும் உரியவர் இல்லை. உங்கள் இருவருக்கும் தனிக் கார்டு வேண்டுமென்றால் தனி அடுப்பு இருக்க வேண்டும். இருக்கிறதா என்று ஆள் வந்து பார்ப்பார். அந்த அடுப்புப் பேச்சை மாமியார் காதில் யார் போடுவது என்பதற்கு மட்டும் அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம் இல்லை.

8. நகை

உங்கள் நகை “பத்திரமாக” லாக்கருக்குப் போகும். சாவி மாமியாரிடம் இருக்கும். அதுவும் பத்திரத்துக்குத்தான். பெண்ணுக்குப் போட்ட நகையும் கொடுத்த சீரும் அந்தப் பெண்ணுக்கே சொந்தம், கணவர் வீட்டார் அதை அவள் சார்பில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் சொல்லிவிட்டது. இதை வீட்டில் சொல்லிக்காட்ட வேண்டாம். தெரிந்து வைத்திருந்தால் போதும்.

வருமான வரித்துறையும் உங்களை மதிக்கிறது. சோதனைக்கு வந்தாலும் பறிமுதல் செய்யாமல் விட வேண்டிய நகைக்கு மத்திய நேரடி வரிகள் வாரியம் 1994-இல் ஒரு அளவு சொன்னது. கல்யாணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம், ஆணுக்கு 100 கிராம். கழுத்தை நீட்டியதும் நீங்கள் இரட்டிப்பாகிவிட்டீர்கள். ஆணுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று வாரியம் கேட்கவே இல்லை.

தாலிக்குத் தங்கம் கொடுத்துவந்த தமிழக அரசு 2022-இல் அந்தத் திட்டத்தைப் ‘புதுமைப் பெண்’ என்று மாற்றியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வியில் சேர்ந்தால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். தங்கத்திலிருந்து அரசே படிப்புக்கு மாறிவிட்டது. உங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

9. ஆடியும் தலை தீபாவளியும்

ஆடி மாதம் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஆடியில் உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவம் என்பது காரணம். பஞ்சாங்கம் உங்களுக்கு மனமுவந்து கொடுத்த ஒரே விடுமுறை இதுதான். முழுதாக எடுத்துக்கொள்ளவும்.

தலை தீபாவளிக்கு இருவரும் உங்கள் வீட்டுக்குப் போவீர்கள். அவருக்கு மோதிரம், புது டிரஸ், கறிக்குழம்பு, கட்டிலில் படுத்தபடி டிவி. உங்களுக்கும் மரியாதை உண்டு. மாப்பிள்ளையை அழைத்து வந்தவர் என்ற முறையில். “அவருக்கு இன்னும் ரெண்டு இட்லி வை” என்று அம்மா உங்களைத்தான் ஏவுவார்.

10. பிறந்த வீடு

உங்கள் அறையில் இப்போது பழைய மெத்தைகளும், கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரங்களும், பிரிக்காத டின்னர் செட்டுகளும் குடியிருக்கும். “ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்” என்பார் அம்மா. அந்த ‘போயேன்’ உங்களுக்கு முன்பு கேட்டதில்லை.

பூர்விகச் சொத்துப் பேச்சு வந்தால் மட்டும் காது கொடுக்கவும். மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. அதில் ஒரு வரி: அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே கல்யாணமான மகளுக்குக் கிடையாது. கல்யாணமான மகனைப் பற்றி அப்படி ஒரு வரியும் இல்லை. 2005-இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தம்தான் கல்யாணத் தேதியைப் பார்ப்பதை விட்டது. “உனக்குத்தான் நகை போட்டுட்டோமே” என்ற அண்ணனின் வாதம் எந்தத் திருத்தத்துக்கும் அசையவில்லை.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“விசேஷம் ஏதும் உண்டா?”
இது நீங்கள் கேட்கும் கேள்வி இல்லை, உங்களைக் கேட்பது. மூன்றாம் மாதத்திலிருந்து தொடங்கும். புன்னகை போதும். ‘இல்லை’ என்று சொன்னால் ஒரு டாக்டர் பெயரும் ஒரு கோயில் பெயரும் கிடைக்கும்.

கணவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்பார்களா?
மாட்டார்கள். அவரிடம் வண்டி எத்தனை மைலேஜ் கொடுக்கிறது என்று கேட்பார்கள்.

வேலை விஷயம் “அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார்களே, அந்த அப்புறம் எப்போது?
போய்விட்டது.

எனக்கென்று உருப்படியாக ஏதாவது யோசனை?
மூன்று உண்டு. கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி அது கட்டாயம், 90 நாளுக்குள் செய்ய வேண்டும். சான்றிதழில் ஒரு நகல் உங்கள் பையில் இருக்கட்டும். சம்பளக் கணக்கை உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள். நகை வாங்கிய பில்லை அம்மாவிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றையும் சிரித்த முகத்தோடு செய்யவும். மேடையில் பழகியதுதானே?

மாப்பிள்ளைக்குக் கையேடு இல்லையா?
உண்டு. இடம் மிச்சமிருப்பதால் இங்கேயே முழுதாகத் தருகிறோம்.

முன்: முடி வெட்டிக்கொள்ளவும்.
பின்: மேற்படி.