கல்வித் தகுதி: தகப்பன்

டாக்டர் மகன் டாக்டராக வேண்டுமென்றால் நீட் எழுதியாக வேண்டும். வக்கீல் மகனும் சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிந்துதான் கறுப்புக் கோட்டு மாட்ட முடியும். ‘எங்கப்பா நல்லா ஓட்டுவாருங்க, லைசென்ஸ் கொடுங்க’ என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுப் பாருங்கள், துரத்தி அடிப்பார்கள். தமிழ்நாட்டுப் பெருங்கோவில்களின் கருவறை வாசலில் மட்டும் அப்பாவின் பெயரே முழு விண்ணப்பம்.

இதைத்தான் பெரியார் தட்டிக் கேட்டார். கருவறை நுழைவுக் கிளர்ச்சி என்று அவர் அறிவித்த பிறகு, 1970 டிசம்பரில் கருணாநிதி அரசு பரம்பரை அர்ச்சகர் முறையைச் சட்டத்தால் ஒழித்தது. 1972இல் உச்ச நீதிமன்றமும் ‘ஒழித்தது சரி’ என்றது. கூடவே, நியமனம் ஆகமப்படிதான், அதாவது கோவில் பூசை விதி நூல்களின்படிதான், இருக்க வேண்டும் என்றும் சொன்னது. வாரிசுரிமை முன்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசலில் உட்கார்ந்துகொண்டது.

2006இல் எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று ஆணை வந்ததும் எழுந்த கூச்சல் நினைவிருக்கிறதா? ‘தகுதி வேண்டாமா? ஆகமம் தெரியாதவன் பூசை செய்தால் சாமி என்னாவது?’ சாமியைப் பற்றி அவ்வளவு கவலை. சரி, படித்துவிட்டே வருகிறோம் என்று ஆறு ஊர்களில் பயிற்சிப் பள்ளிகள் திறந்தார்கள். மதுரை, பழநி, திருச்செந்தூர், திருவண்ணாமலையில் சைவம். ஸ்ரீரங்கம், திருவல்லிக்கேணியில் வைணவம். 207 பேர் மந்திரமும் முறையும் கற்று, தீட்சை வாங்கி, சான்றிதழோடு வந்து நின்றார்கள். தகுதி வந்து நின்றதும் தகுதிப் பேச்சு நின்றுபோனது. ‘படித்தால் போதுமா, பிறக்க வேண்டாமா?’ என்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு கோவில்களை ஆராய்ந்தபோது, ஏற்கெனவே உள்ளே மணியாட்டிக்கொண்டிருந்த பலரே முறையாக ஆகமம் பயிலாதவர்கள் என்று தெரிந்தது. அவர்களை யாராவது பரீட்சை எழுதச் சொன்னார்களா? மருத்துவ சீட்டு என்றால் ‘மெரிட், மெரிட்’ என்று தொண்டை கிழியக் கத்துகிற கனவான்களில் எத்தனை பேர் கோவில் வாசலில் நின்று அதே சொல்லைச் சொன்னார்கள்?

2006 ஆணையை எதிர்த்துப் போட்ட வழக்கு 2015 வரை இழுத்தது. தீர்ப்போ, ஒவ்வொரு நியமனத்தையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. கழகங்கள் மாறி மாறி ஆண்டன; மேடையில் பெரியார் படமும் கோப்பில் தூசியும் மாறவில்லை. படித்த பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை தேடிப் போனார்கள். 2018இல் மதுரை தல்லாகுளம் ஐயப்பன் கோவிலில் ஒருவருக்கு, ஆரவாரமில்லாமல், ஏதோ திருட்டுக் காரியம் போல, வேலை கொடுத்தார்கள். 2021 ஆகஸ்ட் 14 அன்று மேலும் 24 பயிற்சி பெற்ற அர்ச்சகர்களுக்கு ஆணை வழங்கி விழா எடுத்தார்கள். 1970இலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள், நத்தை வெட்கப்படும்.

2023 செப்டம்பரில் ஸ்ரீரங்கம் பள்ளியில் பயின்ற மூன்று பெண்களுக்கும் அமைச்சர் கையால் சான்றிதழ் கிடைத்தது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம், ஆகமக் கோவில்களில் அர்ச்சகர் நியமனம் இப்போதிருக்கும் நிலையிலேயே இருக்கட்டும் என்றது. வழக்கு முடியும்வரை சான்றிதழ்காரர்கள் வரிசையில் நின்று சாமி கும்பிடலாம். நீட்டுகிற தட்டில் தாராளமாகக் காசும் போடலாம். அதற்கு மட்டும் ஆகமமும் கேட்பதில்லை, அப்பன் பெயரும் கேட்பதில்லை.