ரிமோட் பிடிப்பவர் பேசக் கூடாது

எங்கள் வீட்டில் இப்போது ரிமோட்டைக் கையில் வாங்க ஆளில்லை. "நீங்களே வச்சுக்குங்க" என்று மனைவி என் பக்கம் தள்ளுகிறாள். நான் அம்மாவிடம் நீட்டினால் அம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறார். சீரியலா கிரிக்கெட்டா என்று வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய குடும்பம் இது. விளம்பர இடைவேளையில் பாத்ரூம் போனால்கூட ரிமோட்டைக் கையோடு எடுத்துப் போன குடும்பம். அப்படிப்பட்ட வீட்டில் திடீரென்று இந்தத் துறவு மனப்பான்மையைக் கொண்டுவந்தது ஒரு ஏர் மவுஸ்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்திருந்தபோது செய்த ஏற்பாடு. வீட்டில் கிடந்த டிவிடிகள், கேசட்டிலிருந்து மாற்றி வைத்த பாட்டுகள், எங்கள் கல்யாண வீடியோ எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினான். டிவிக்குப் பின்னால் ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை ஒட்டினான். அதில் கோடி என்ற இலவச மென்பொருளைப் போட்டான். கடைசியாக, ஆன்லைனில் வரவழைத்த அந்த வஸ்துவை என் கையில் கொடுத்தான். முன்பக்கம் பார்த்தால் ரிமோட். திருப்பினால் எண், எழுத்து, எஸ்கேப் பொத்தான் எல்லாம் சேர்ந்த முழுக் கீபோர்டு. கையை ஆட்டினால் திரையில் ஓர் அம்பு ஆடும். "இனிமே மவுஸ் வைக்க டேபிளே வேண்டாம்ப்பா, காத்துலயே ஓட்டலாம்" என்றான். காணும் பொங்கல் முடிந்ததும் பஸ் ஏறிவிட்டான்.

காற்றில் ஆட்டுவது திரைக்கு எப்படித் தெரிகிறது என்பதை அவன் போன பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உள்ளே ஜைரோஸ்கோப் என்று ஒரு சில்லு. அதில் கண்ணுக்கே தெரியாத சிலிக்கான் துணுக்கு ஒன்று ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். ரிமோட்டைத் திருப்பினால் அந்த அதிர்வு பக்கவாட்டில் ஒதுங்கும். ஏன் ஒதுங்குகிறது என்பதற்கான கணக்கை 1835-இலேயே எழுதி வைத்துவிட்டுப் போனவர் கோரியாலிஸ் என்ற பிரெஞ்சுக்காரர். எவ்வளவு ஒதுங்கியது என்பதை அளந்தால் கை எவ்வளவு வேகத்தில் திரும்பியது என்று தெரிந்துவிடும். அதை டிவிக்குப் பின்னால் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் டாங்கிள் என்ற ரிசீவருக்கு ரேடியோ அலையில் சொல்லி அனுப்புகிறது. ஆக, டிவி எந்தத் திசையில் இருக்கிறது என்பதே இந்த ரிமோட்டுக்குத் தெரியாது. சமையலறையைப் பார்த்து ஆட்டினாலும் அம்பு ஆடும். கை அசைந்ததா இல்லையா என்பது மட்டும்தான் அதன் கவலை.

வம்பே அங்கேதான். நம் ஜனங்கள் கையை அசைக்காமல் என்றைக்குப் பேசினார்கள்?

கும்பகோணத்திலிருந்து மாமனார் வந்திருந்தார். அவருக்காக 'தில்லானா மோகனாம்பாள்' போட்டு, மரியாதைக்கு ரிமோட்டையும் அவர் கையில் கொடுத்தேன். நாகேஷ் திரைக்கு வந்ததும் மாமனாருக்கு ஏனோ தான் வந்த பஸ்ஸின் ஞாபகம் வந்துவிட்டது. "லாரிக்காரன் இப்படி வரான் மாப்ளே" என்றார். அம்பு திரையின் இடது ஓரத்துக்குப் பறந்தது. "நம்ம டிரைவர் இப்படி ஒடிக்கிறான்." அம்பு வலது கோடிக்குப் போனது. அம்பு அசைந்தாலே படத்தின் அடியில் பொத்தான் வரிசை ஒன்று எழும்பி வரும், வந்தது. "அப்புறம் போட்டான் பாருங்க ஒரு பிரேக்கு!" என்று கையை இறக்கினார். கட்டைவிரலும் சேர்ந்து ஓகே பொத்தானில் இறங்கியது. படமும் நின்றது. "கரண்டு போயிடுச்சா?" என்று கேட்டார்.

ரிமோட் வம்சத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜென்மப் பகை உண்டு. அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி 1950-இல் லேசி போன்ஸ் என்று ஒன்று விற்றது. அதற்கும் டிவிக்கும் நடுவே கூடத்தில் நீளமாக ஒயர் ஓடும். பகை, அதில் தடுக்கி விழுந்தவர்கள். 1955-இல் அதே கம்பெனியின் யூஜீன் பாலி, திரையின் நான்கு மூலையிலும் ஒளியுணரி வைத்து, டார்ச் அடித்தால் சேனல் மாறும்படி ஃப்ளாஷ்மேட்டிக் செய்தார். பகை, சூரியன். வெயில் திரையில் விழுந்தால் டிவி தன்னிஷ்டத்துக்கு வேலை செய்தது. மறு வருஷம் ராபர்ட் அட்லர் ஒளியே வேண்டாம் என்று ஒலிக்குப் போனார். அவருடைய ஸ்பேஸ் கமாண்டில் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்டும். நம் காதுக்கு எட்டாத அந்தச் சத்தம் டிவிக்கு எட்டும். பேட்டரியே கிடையாது, என்ன அழகான வேலை! அதற்குப் பகை, சில்லறைக் காசும் சாவிக்கொத்தும் குலுங்கும் சத்தம். பின்னால் வந்த இன்ஃப்ராரெட் ரிமோட்டுக்குப் பகை, டிவிக்கு முன்னால் நின்று துணி மடிப்பவர். ஏர் மவுஸுக்கு என் மாமனார்.

அவரை மட்டும் சொல்வது நியாயமில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தாலே விபரீதம்தான். ரிமோட்டாகப் பிடிக்கும்போது பின்பக்கக் கீபோர்டு உள்ளங்கைக்குள் இருக்கிறது. கோடியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வேலை உண்டு. எக்ஸ் பட்டால் படம் நின்றுவிடும். எஃப் பட்டால் முன்னால் ஓடும், ஆர் பட்டால் பின்னால் ஓடும். டீ பட்டால் வசன வரிகள் வந்து வந்து போகும். எஸ் பட்டால், 'மூடிவிடலாமா' என்று கடை சாத்தும் பட்டியல் எழும்பும். விலை கூடிய மாடல்களில் கீழே பார்த்திருக்கும் பக்கம் தானாகப் பூட்டிக்கொள்ளுமாம். எங்களுடையதில் அது இல்லை. மகன் சிக்கனக்காரன், அவன் தாத்தா வழி.

கீபோர்டைக் கீபோர்டாகவே பயன்படுத்தலாமே என்றால், என் கட்டைவிரல் ஒன்றை வைத்தால் மூன்று எழுத்து மூடிக்கொள்கிறது. அதைவிடப் பெரிய சோதனை, தமிழ்ப் படத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் தேடுவது. 'காதலிக்க நேரமில்லை' என்று தட்ட வேண்டும். கே-க்குப் பிறகு ஒரு ஏயா, இரண்டு ஏயா? டீ-எச்சா, டி-எச்சா? கடைசியில் 'லை'க்கு எத்தனை எல்? கோப்புக்குப் பெயர் வைத்த புண்ணியவான் எந்த மனநிலையில் இருந்தான் என்று ஊகித்தால்தான் படம் கிடைக்கும். மனைவிதான் வழி சொன்னாள்: "முழுப் பேரும் எதுக்கு? நடுவுல தகராறு இல்லாத நாலெழுத்தைத் தட்டுங்க." அந்த யோசனை பலித்தது. ஆனால் ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால் வேறு வகைக் குழப்பம். கோப்பின் பெயரில் வருஷம் போடவில்லை என்றால் கோடி தனக்குத் தோன்றியதை ஒட்டிவிடும். எங்கள் வீட்டில் 1981-ஆம் வருஷத்து 'தில்லு முல்லு'வுக்கு 2013-ஆம் வருஷத்துப் போஸ்டர். சிவாவின் படத்தைத் திறந்தால் உள்ளே ரஜினி மீசையைத் தடவிக்கொண்டிருக்கிறார். கதைக்குப் பொருத்தமாக இருப்பதால் அப்படியே விட்டுவிட்டோம்.

இடையில் அம்புக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ரிமோட்டை டீப்பாயில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் அம்பு தானாக ஊர்ந்து ஒரு மூலைக்குப் போகும். ஜைரோஸ்கோப்பின் சின்னச் சின்னப் பிசகுகள் சேர்ந்து சேர்ந்து இப்படி ஆகுமாம். ஆடாத சமதளத்தில் வைத்துத் திருத்தம் செய்யச் சொல்லி எழுதியிருந்தது. எங்கள் டீப்பாய் பிறவியிலேயே ஆடும். வீட்டில் நம்பிச் சமதளம் என்று சொல்லக்கூடியது சமையல் மேடையின் கிரானைட் மட்டும்தான். காலை டிபன் நேரத்தில், தோசைக்கல்லுக்கும் சட்னிக் கிண்ணத்துக்கும் நடுவே ரிமோட்டை மல்லாத்தி வைத்து, "யாரும் மேடையைத் தொடாதீங்க" என்று நான் சொன்னதற்கு மனைவி சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டாம்.

அப்புறம் அம்பு விக்கி விக்கி நகர ஆரம்பித்தது. போன் போட்டால் மகன், "டாங்கிள் நீல ஓட்டையில இருக்கா, கறுப்பு ஓட்டையிலயா?" என்கிறான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டிவிக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தேன். நீலம்; பக்கத்து நீலத்தில் ஹார்ட் டிஸ்க். நீல ஓட்டை என்பது வேகமான யுஎஸ்பி 3. அது வேலை செய்யும்போது கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போய் விழும். இன்டெல் கம்பெனியே 2012-இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டாங்கிள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். கறுப்புக்கு மாற்றி, ஒரு சாண் நீட்டிப்பு ஒயரும் போட்டுத் தள்ளி வைத்ததும் விக்கல் நின்றது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருப்போம், கல்யாண வீடியோவைப் பார்க்க உட்காராமல் இருந்திருந்தால்.

1993-இல் எடுத்தது. வீடியோகிராபர் அந்தக் காலத்து மிக்சிங் வித்தைகள் அனைத்தையும் என் முகத்தின் மேல் பிரயோகித்திருந்தார். தாமரை விரிந்தால் நான். தாமரை மூடித் திறந்தால் மறுபடி நான். அதையெல்லாம் தாண்டிப் பந்திக்கு வந்தது கேமரா. இலை இலையாக நகர, அப்பளத்தோடு நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கும் முகங்கள். அம்மா திடீரென்று, "நிறுத்துடா, நிறுத்து! அந்த ரெண்டாவது எலை உங்க பெரியப்பாதானே?" என்றார். பெரியப்பா போய் வெகுகாலம் ஆகிறது. நல்ல போட்டோகூட இல்லை.

அம்பைப் பிடித்துத் திரையின் அடியில் இருக்கும் நிறுத்து பொத்தானுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கேரம் போர்டில் ரெட்டைக் குறிவைப்பது போல மூச்சை அடக்கி ஓகேயை அழுத்தினேன். ஏர் மவுஸின் அடிப்படைக் கோளாறு இதுதான்: அழுத்துகிற அழுத்திலேயே கை ஒரு மயிரிழை ஆடும், திரையில் அது ஒரு விரற்கடை. அம்பு துள்ளி, மேலே இருந்த நேரக்கோட்டில் விழுந்தது. பந்தியிலிருந்து நேராக மறுவீடு. "பந்தி எங்கடா?" என்றார் அம்மா. திரும்ப ஓட்டினேன், தாலி கட்டுகிறேன். கொஞ்சம் முன்னால் தள்ளினேன், மொய் நோட்டு. இன்னும் கொஞ்சம், பெண் வீட்டார் அழுதுகொண்டிருக்கிறார்கள். நடுவே எங்கோ இருந்த பந்தி அகப்படவே இல்லை.

நாதஸ்வரம் காதைத் துளைத்ததால் அம்மா சத்தத்தைக் குறைக்கப் பழைய டிவி ரிமோட்டை எடுத்தார். வாங்கிய நாளிலிருந்து பாலிதீன் உறையும் ரப்பர் பேண்டும் போட்டுக் காப்பாற்றி வரும் ரிமோட். உறைக்கு மேலேயே தடவி எதையோ அழுத்த, வீடியோ கொஞ்சம் பின்னால் போனது. இடதுபுற அம்புப் பொத்தான் போலிருக்கிறது. அம்மா நிதானமாக மறுபடி அழுத்தினார். அழுத்த அழுத்தப் பந்தி வந்தது. இரண்டாவது இலை வந்ததும் நிறுத்து பொத்தானை அமுக்கினார். பெரியப்பா, வாயருகே அப்பளத்தோடு, அசையாமல் நின்றார். "இதுலயே எல்லாம் வேலை செய்யுதே, அப்புறம் எதுக்கு அந்த ஆட்டம்?" என்றார் அம்மா.

வேலை செய்ததற்குப் பெயர் ஹெச்டிஎம்ஐ-சிஇசி. படம் வருகிற அந்தக் கேபிளுக்குள்ளேயே, கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு தனிக் கம்பி போகிறது. டிவி தன் ரிமோட்டில் அழுத்தியதை அதன் வழியாகப் பின்னால் இருக்கும் பெட்டிக்குச் சொல்லிவிடும். சாம்சங் இதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. ஆளுக்கொரு பெயர் வைத்து ஒளித்ததில், உள்ளே இருப்பது ஒன்றே என்று வாங்கியவருக்குத் தெரியாமல் போகிறது.

கோடியும் பிறந்தது மவுஸுக்காக அல்ல. 2002 வாக்கில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்ப்பதற்காக ஆர்வலர்கள் சிலர் எழுதத் தொடங்கியது. எக்ஸ்பிஎம்சி என்று இருந்த பெயர் 2014-இல்தான் கோடி ஆனது. நான்கு திசைப் பொத்தான், ஒரு ஓகே, ஒரு பேக். இவற்றை வைத்துச் சோபாவிலிருந்தே எல்லாம் செய்ய வேண்டும் என்றுதான் அதைக் கட்டினார்கள். அதன் கையில் மவுஸைக் கொடுத்தது நம்முடைய அதிகப்பிரசங்கித்தனம்.

ஏர் மவுஸ் தண்டம் என்று சொல்ல மாட்டேன். வைஃபை பாஸ்வேர்டைத் திசைப் பொத்தானால் ஓர் எழுத்தாகப் பொறுக்கிப் பாருங்கள், கீபோர்டின் அருமை தெரியும். பிரவுசர் திறந்தாலும் அம்பு வேண்டும். தட்டுவதற்கு அது, பார்ப்பதற்கு டிவி ரிமோட். எங்கள் வீட்டுத் தீர்ப்பு இதுதான்.

நீங்கள் வாங்குவதற்கு முன்னால் டிவியின் செட்டிங்ஸில் நான் மேலே சொன்ன பெயர்களில் எது இருக்கிறது என்று பார்த்து அதை ஆன் செய்யுங்கள். பாதிப் பேருக்கு அதோடு தேவை தீர்ந்துவிடும். அப்படியும் வாங்குவதென்றால், அம்பை நிறுத்தி வைக்கத் தனிப் பொத்தான் இருக்கிறதா, பின்பக்கம் தானாகப் பூட்டுமா என்று கேட்டு வாங்குங்கள். பல மாடல்களில் பேட்டரி பெட்டிக்குள் வராது. டிரிபிள் ஏ கூடவே சொல்லிவிடுங்கள்.